ட்ரையல்ஸ் சைக்கிள்: பிடிக்க வேண்டியது பிடிக்கணும், தாங்க வேண்டியது தாங்கணும்

வாசகர் கேள்வி – பதில்

பாறை, சுவர், மரக்கட்டை, ஒரு சாண் அகல விளிம்பு என எதன் மேலும் காலை ஊன்றாமல் ஏறி இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது ட்ரையல்ஸ் சைக்கிள். அதன் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது, பராமரிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

ட்ரையல்ஸ் வீரர் டேனி மெக்காஸ்கில் ஓட்டுவதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. 20, 24, 26 இன்ச் என்று மூன்று அளவு இருக்கிறதாம். என் உயரம் 5 அடி 7 அங்குலம். எதை வாங்கலாம்?
– வாசகர், மதுரை

உயரத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள், டயரும் டியூபும் எங்கே கிடைக்கும் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

2009-ல் எடின்பரோ தெருக்களில் மெக்காஸ்கில் ஓட்டிக் காட்டியது 24 இன்ச் தெரு ட்ரையல்ஸ் வகை. அதில் தாழ்வான சீட் இருக்கும். சுழன்று இறங்குவது, சுவரில் சக்கரத்தை உதைத்துத் திரும்புவது போன்ற வித்தைகளுக்கு அது தோது. போட்டிக்கான 20, 26 இன்ச் வகைகளில் பெரும்பாலும் சீட்டே கிடையாது. பின் சக்கரத்தில் நின்று குதித்துக் குதித்து உயரம் ஏறுவதுதான் அவற்றின் வேலை.

இந்த விளையாட்டு ஸ்பெயினின் காட்டலோனியாவில், மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து கிளைத்தது. அந்தப் பந்தயங்களில் பேர் பெற்ற பெரே பி, தன் மகன் ஓட் பி பழகுவதற்காகச் சின்னச் சக்கர சைக்கிளில் இதைத் தொடங்கி வைத்தார். மகன் பின்னாளில் உலக சாம்பியன் ஆனார். 20 இன்ச் வகைக்கு வேர் அங்கேதான்.

20 இன்ச் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. முன் சக்கரம் மட்டுமே உண்மையான 20 இன்ச். டயர் உட்காரும் விட்டம் 406 மி.மீ. பின் சக்கரத்தை 19 இன்ச் என்பார்கள். அதன் விட்டம் 387 மி.மீ. கடையில் தொங்கும் பிஎம்எக்ஸ் (சின்னச் சக்கர வித்தை சைக்கிள்) டயர் பின்னால் ஏறவே ஏறாது. ட்ரையல்ஸுக்கென்றே செய்த டயரை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். 26 இன்ச் வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. 559 மி.மீ. விட்டத்துக்கான எம்டிபி (மலைச் சைக்கிள்) டயர் எதுவும் பொருந்தும். உங்கள் உயரத்துக்கு, முதல் வண்டியாக 26 இன்ச்தான் எங்கள் தேர்வு.

பழைய 26 இன்ச் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வாங்கிய பிறகு எந்தப் பாகத்துக்கு முதலில் செலவு செய்யலாம்?
– வாசகர், திருச்சி

முதலில் ஃபிரேமைப் பாருங்கள். அலுமினியம் உலோகச் சோர்வு அடையும். எவ்வளவு குறைந்த சுமையாக இருந்தாலும் ஒவ்வொரு அடியும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு கட்டத்தில் விரிசல் விடும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து இந்த இடங்களைப் பாருங்கள்: ஹெட் டியூபும் (ஃபோர்க் தண்டு நுழையும் முன் குழாய்) கீழ்க் குழாயும் சேரும் வெல்டின் அடிப்பக்கம்; பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு உட்காரும் இடம்) பின்னால், பின் அச்சை நோக்கிப் போகும் செயின்ஸ்டே குழாய் தொடங்கும் இடம்; பின் பிரேக்குக்கான நான்கு போல்ட் துளைகளைச் சுற்றி; பின் அச்சு உட்காரும் டிராப்அவுட். பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் அதை விரிசல் என்றே கொள்ளுங்கள். அந்த வண்டி வேண்டாம். வெல்டு வைத்துத் தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். சூடு பட்ட அலுமினியத்துக்கு வெல்டைச் சுற்றிலும் பழைய பலம் இருக்காது. பட்டறையில் மறுபடி அதைப் பதப்படுத்தித் தரவும் மாட்டார்கள்.

கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் கை) பிடித்து வண்டியின் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ட்ரையல்ஸ் கிராங்குகள் பெரும்பாலும் ஐசிஸ் என்ற பத்துப் பல் அச்சில் உட்காருபவை. போல்ட் தளர்ந்த நிலையிலேயே ஓட்டியிருந்தால் கிராங்கின் உட்பற்கள் சிதைந்திருக்கும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் நிற்காது.

வாங்கிய பிறகு, நிலை தெரியாத செயினையும் பிரேக் கட்டைகளையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுங்கள். அடுத்த பணம் ஃப்ரீவீலுக்கு (மிதிக்காதபோது பெடல் சுற்றாமல் நிற்கச் செய்யும் பல் சக்கரம்). எடை குறைந்த போல்ட், கார்பன் ஹேண்டில்பார், வண்ண வண்ண ஹப் (சக்கரத்தின் நடு உருளை) எல்லாம் கடைசி. குதிக்கும் நொடியில் வழுக்கினாலோ அறுந்தாலோ ஆளைக் கீழே தள்ளக்கூடிய பாகங்கள் மூன்று: பிரேக், செயின், ஃப்ரீவீல். இவை சரியில்லாத வண்டியில் 300 கிராம் குறைத்து என்ன பயன்?

என்னிடம் கியர் வைத்த சாதாரண எம்டிபி இருக்கிறது. அதிலேயே பழக முடியாதா?
– வாசகர், சேலம்

தாராளமாக முடியும், ஒரு எல்லை வரை. அசையாமல் நிற்பது, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் குதிப்பது, முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு படியில் வைப்பது ஆகியவற்றுக்கு அதுவே போதும். சீட்டை அடிவரை இறக்குங்கள். முன் ஃபோர்க் அமுங்காமல் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். முன்னால் 22 பல், பின்னால் 18 பல்லுக்குப் பக்கமாக ஏதாவது ஒன்றில் செயினை நிறுத்துங்கள். கியர் மாற்றியின் கேபிள் தளர்வாக இருந்தால், மிதிக்கும்போது செயின் பக்கத்துப் பல்லுக்குத் தாவும். அதனால் கேபிளைச் சரியாக முறுக்கி வையுங்கள்.

பின் சக்கரத்தில் மட்டும் நின்று குதிப்பதை இந்த வண்டியில் செய்யாதீர்கள். சாதாரண ஹப்பின் கொக்கிகளும் ஒன்பது, பத்து வேகச் செயினும் அந்த உதைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஏன் என்பதற்கான கணக்கு கீழே செயின் பற்றிய பதிலில் வருகிறது.

ட்ரையல்ஸ் வண்டிகளில் ஃப்ரீவீல் பின்னால் இல்லாமல் கிராங்கில் இருப்பது ஏன்? 72, 108 என்று எண் சொல்லி விற்கிறார்களே, அது என்ன?
– வாசகர், கோவை

நின்ற இடத்திலிருந்து பின் சக்கரத்தில் எம்பும்போது பெடலை ஒரு சுற்று மிதிப்பதில்லை. கால் சுற்று, சில சமயம் அதிலும் பாதிதான். அந்தச் சின்ன உதையில் பாதி, ஃப்ரீவீலின் கொக்கிகள் போய் மாட்டுவதற்குள் வீணாகிவிட்டால் எம்பவே முடியாது. ஒரு சுற்றில் எத்தனை இடத்தில் கொக்கி மாட்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

மலிவான ஃப்ரீவீல் ஒன்றில் 16 இடம் என்று வைத்துக்கொள்வோம். 360-ஐ 16-ஆல் வகுத்தால் 22.5 பாகை. 175 மி.மீ. கிராங்கின் நுனியில் அது ஏறக்குறைய 69 மி.மீ. அதாவது, உங்கள் கால் கிட்டத்தட்ட ஏழு செ.மீ. வெறுமனே கீழே போன பிறகே சக்கரம் நகரும். வைட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஈனோ ட்ரையல்ஸ் ஃப்ரீவீலில் 72 இடம். வெற்று ஓட்டம் 15 மி.மீ. எக்கோ போன்ற நிறுவனங்களின் 108 இட ஃப்ரீவீலில் 10 மி.மீ. மட்டுமே. 16-லிருந்து 72-க்குப் போகும்போது தெரியும் வித்தியாசம் மிகப் பெரியது. 72-லிருந்து 108-க்குப் போவதில் மிஞ்சுவது அரை செ.மீ. தொடக்கநிலையில் இருப்பவர் 72-ஐ வாங்கி, மீதிப் பணத்தைப் பிரேக்கில் போடலாம்.

கிராங்கில் ஃப்ரீவீல் வைப்பதால் பின் ஹப்பில் வெறும் மரையும் ஒரு நிலையான பல் சக்கரமும் போதும். ஹப் இலேசாகும், உள்ளே உடைவதற்கும் ஒன்றும் இல்லை. ஃப்ரீவீலைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் சுலபம். ஒரு எச்சரிக்கை: இந்த அமைப்பில் பின் சக்கரம் சுற்றும்போதெல்லாம் செயினும் சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்கள் மிதிக்காவிட்டாலும்கூட. வண்டியைத் தலைகீழாக வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும்போது விரலைச் செயின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இரட்டைக் கவனம்.

பல் எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறோம். 26 இன்ச்சில் முன்னால் 18, பின்னால் 15 என்பது வழக்கம். 20 இன்ச்சில் 18-க்கு 12. இரண்டிலும் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் நகரும். சின்னச் சக்கரத்தின் குறையைச் சின்னப் பின் பல் ஈடுகட்டுகிறது, அவ்வளவுதான். இதைவிடக் கனமான விகிதம் வைத்தால் உதைக்கும்போது கால் திணறும். இலகுவாக வைத்தால், உயரம் ஏறும் முன்பே மிதி தீர்ந்துபோகும்.

பின் சக்கரத்தில் நிற்கும்போது திடீரென்று 'டக்' என்று பெடல் கீழே விழுகிறது. ஃப்ரீவீலா, செயினா என்று தெரியவில்லை.
– வாசகர், ஈரோடு

தெரியாமல் இன்னொரு முறை ஏறாதீர்கள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பின் பிரேக்கை முழுதாகப் பிடித்து, முன் பெடலில் எடையைப் போட்டுப் படிப்படியாக அழுத்துங்கள். கிராங்கைச் சிறிது சிறிதாக வேறு வேறு நிலைக்கு மாற்றி இதையே திரும்பச் செய்யுங்கள். பிரேக் பிடித்திருப்பதால் பின் பல்லும் செயினும் அசையக் கூடாது. செயின் பல்லின் மேல் ஏறிக் குதித்தால் செயினோ பல்லோ தேய்ந்திருக்கிறது. செயின் அப்படியே நிற்க, கிராங்க் மட்டும் விழுந்தால் குற்றவாளி ஃப்ரீவீல். மெதுவாக, சத்தமில்லாமல் கிராங்க் நழுவினால் கிராங்கில் இருக்கும் ஃப்ரீவீல் மரை சிதைந்துவிட்டது என்று பொருள். அப்போது கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

ஃப்ரீவீல்தான் என்று தெரிந்தால், பெரும்பாலான நேரம் காரணம் கெட்டியான கிரீஸ் அல்லது அழுக்கு. கொக்கியைத் தள்ளும் ஸ்பிரிங் மிகச் சின்னது. பிசுபிசுப்பு ஏறினால் கொக்கி முழுதாக எழும்பாது. பல்லின் நுனியை மட்டும் தொட்டுக்கொண்டு நின்று, எடை வந்ததும் வழுக்கும். இப்படிச் சில முறை வழுக்கினால் நுனி மழுங்கிவிடும். பிறகு எவ்வளவு சுத்தம் செய்தாலும் பயன் இல்லை. அதனால் முதல் 'டக்' கேட்டதுமே கவனிக்க வேண்டும்.

ஃப்ரீவீல் கிராங்கின் உட்பக்கத்தில் திருகப்பட்டிருக்கும். அப்படி இருந்தால்தான் மிதிக்க மிதிக்க இறுகும். ஆகவே முதலில் கிராங்கைக் கழற்றுங்கள். அவசரத்துக்குத் திறக்காமலே கழுவலாம்: படுக்கவைத்து, உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்றுங்கள். கருப்பாக வடியும். தெளிவாக வடியும் வரை செய்து, ஓர் இரவு காயவிட்டு, மெல்லிய எண்ணெய் நான்கைந்து சொட்டு விடுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

முழுதாகத் திறப்பதானால், சாதாரண ஃப்ரீவீலின் முகத்தில் இரண்டு துளை கொண்ட வளையம் இருக்கும். அதன் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் சுத்தியலால் அடித்துக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. ஈனோவில் இந்த வளையம் இல்லை, ஸ்பிரிங் கிளிப்தான். அகலமான தட்டின் மேல் வைத்துத் திறங்கள், குண்டுகள் சிதறும். வளையத்துக்கு அடியில் உள்ள மெல்லிய வாஷர்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவைதான் ஆட்டத்தைத் தீர்மானிப்பவை.

மூன்று மாதத்தில் இரண்டு செயின் அறுந்துவிட்டது. நல்ல கம்பெனிச் செயின்தான். என்ன தப்பு நடக்கிறது?
– வாசகர், சிங்கப்பூர்

முதலில் செயின் தாங்குகிற சுமையைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 175 மி.மீ. கிராங்கில் முழு எடையையும் வைத்து நிற்கிறார். முன் பல் 32 என்றால் அதன் ஆரம் சுமார் 65 மி.மீ. செயினில் விழும் இழுவை 190 கிலோ. பல் 18 என்றால் ஆரம் 36 மி.மீ.தான். இழுவை 340 கிலோவாகிறது. இது சும்மா நிற்கும்போது. எம்பி உதைக்கும்போது இது இரண்டு மடங்கைத் தாண்டிப் போகலாம். நல்ல செயினே ஏறக்குறைய ஒரு டன் இழுவையில் அறுந்துவிடும் என்பதால், பிழைக்கு இடமே மிஞ்சுவதில்லை.

இனி, அறுவதற்கான வழக்கமான காரணங்கள். கண்ணிகளைக் கோக்கும் சின்ன ஊசியான பின்னைக் கழற்றி, அதையே திரும்பத் தள்ளி இணைத்திருந்தால் அங்கேதான் அறுந்திருக்கும். அந்தப் பின் ஒரு முறை வெளியே வரும்போதே வெளித்தட்டின் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்திவிடுகிறது. திரும்ப உள்ளே போனாலும் பழைய பிடி இருக்காது. புதுச் செயினோடு வரும் இணைப்பையோ புதுப் பின்னையோதான் பயன்படுத்த வேண்டும். அறுந்த துண்டை எடுத்துப் பாருங்கள். தட்டு பின்னிலிருந்து பிரிந்து வந்திருந்தால் இணைப்புத் தவறு. தட்டே நடுவில் கிழிந்திருந்தால் பாறையில் அடிபட்ட செயின்.

கிராங்கைச் சுற்றியுள்ள காப்பு வளையம் வளைந்தோ தேய்ந்தோ இருந்தால் பாறையின் அடி நேராகச் செயினில் விழும். ஒவ்வொரு முறை செயின் மாட்டும்போதும் அந்த வளையம் செயினைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பல்லும் பின்பல்லும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நீளமான ஸ்கேலை முன்பல்லின் முகத்தோடு ஒட்டவைத்தால் பின்பல்லையும் தொட வேண்டும். 2 மி.மீ. விலகியிருந்தால் வாஷர் போட்டுச் சரிசெய்யுங்கள்.

அகலத்தைப் பொறுத்தவரை எட்டில் ஒரு இன்ச் செயின், அதாவது கேஎம்சி 510எச்எக்ஸ் போன்றது, அகலமான பல்லிலும் மெல்லிய பல்லிலும் ஓடும். மெல்லிய செயின் அகலப் பல்லில் உட்காராது. தேய்மானத்தை அளக்கக் கருவிகூட வேண்டாம். ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணுங்கள். புதிதில் சரியாக 12 இன்ச், அதாவது 304.8 மி.மீ. 306.3 மி.மீ. ஆனால் அரை சதவீதம் நீண்டுவிட்டது. சாலை வண்டிக்காரர் இன்னும் கொஞ்சம் ஓட்டலாம். ட்ரையல்ஸில் அன்றே மாற்றுங்கள். சின்னப் பற்களில் சுமையைத் தாங்கும் கண்ணிகள் சிலவே. நீண்ட செயின் அந்தப் பற்களையும் சீக்கிரம் தின்றுவிடும்.

தொய்வு: செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக மொத்தம் 1 செ.மீ. ஆடலாம். கிராங்கை முழுதாகச் சுற்றி, மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். விறைப்பாக வைத்தால் ஃப்ரீவீல் பேரிங் போகும்.

பின் பிரேக் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கள். மகுரா எச்எஸ்33 நல்லதா, டிஸ்க் நல்லதா? ரிம்மைக் கிரைண்டரால் தேய்க்கச் சொல்கிறார்களே, பயமாக இருக்கிறது.
– வாசகர், பெங்களூரு

எச்எஸ்33 என்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ரிம் பிரேக். டிஸ்க் காலத்திலும் அது ட்ரையல்ஸில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. 160 மி.மீ. டிஸ்க், நடு அச்சிலிருந்து ஏழு செ.மீ. தள்ளிப் பிடிக்கிறது. ரிம் பிரேக் 27 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறது. சக்கரத்தை நிறுத்த அதற்கு வேண்டிய விசை கால்வாசிதான். இன்னொன்று, டிஸ்க் பிடிக்கும்போது ஹப்தான் நிற்கிறது. ஹப்புக்கும் டயருக்கும் நடுவில் ஸ்போக்குகள் இலேசாக முறுக்கிக்கொள்ளும். பின் சக்கரத்தில் நின்று சமன் செய்பவருக்கு அந்தச் சின்ன நெகிழ்வும் தெரியும். டிஸ்க்கிலும் ஹோப் நிறுவனத்தின் ட்ரையல்ஸ் மாடல் போன்ற நல்லவை உண்டு. ரிம் கோணினாலும் பிடி மாறாது, ரிம்மைத் தேய்க்கவும் வேண்டாம். முன்னால் டிஸ்க், பின்னால் எச்எஸ்33 என்று கலந்து வைப்பது பலருக்கும் ஒத்துவருகிறது.

ரிம்மைத் தேய்ப்பது பயப்பட வேண்டிய வேலை அல்ல. ஆனால் பொறுமை வேண்டும். பளபளப்பான ரிம்மில் கட்டை சற்றே வழுக்கிப் பிறகு பிடிக்கும். தேய்த்த ரிம்மில் உடனே கவ்வும். ஈரத்திலும் கவ்வும்.

டயர், டியூப், ரிம் டேப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், தளர்ந்த துணியோ கையுறையோ கூடாது. அலுமினியத்துக்கென்று விற்கும் தேய்ப்புத் தட்டு வாங்குங்கள். இரும்புக்கானதில் அலுமினியம் ஒட்டி அடைத்துக்கொள்ளும். தட்டின் விளிம்பை ரிம்மின் பக்கச் சுவரில் தொட்டும் தொடாமலும் வைத்து, சக்கரத்தை இன்னொரு கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே சாய்வான குட்டிக் கோடுகள் போடுங்கள். இடைவெளி 1 முதல் 2 மி.மீ. ஆழம், நகம் மாட்டினால் போதும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அங்கே குழி விழும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் அந்த இடத்தில் தூக்கிப் போடும். முடிந்ததும் விளிம்பின் பிசிறுகளை மெல்லிய அரத்தால் எடுத்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். தேய்த்த ரிம்முக்குக் கெட்டியான கட்டை, தேய்க்காத ரிம்முக்கு மென்மையானது. மாற்றிப் போட்டால், மென்மையான கட்டையைத் தேய்த்த ரிம் சில நாளில் சீவித் தள்ளிவிடும்.

நகம் மாட்டாமல் போகும்போது மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவர் மெலிகிறது என்பதை மறக்காதீர்கள். பக்கச் சுவர் குழிந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. கார்பன் ரிம்மில் கிரைண்டரைக் காட்டவே கூடாது.

கட்டை அமைப்பு: இரண்டு பக்கமும் 1 முதல் 2 மி.மீ. இடைவெளி, கட்டையின் முழு முகமும் ரிம்மில் ஒரே நேரத்தில் பட வேண்டும். பிரேக் நெம்புகோலை (லீவர்) ஒற்றை விரலில், அதுவும் நுனியில் இழுக்கும்படி உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். கிளாம்ப்பைக் கல்லாக இறுக்க வேண்டாம். விழும்போது நெம்புகோல் சற்றுச் சுழன்றுகொடுத்தால் உடையாமல் தப்பிக்கும். பிரேக் பிடிக்கும்போது பின் குழாய்கள் வெளிப்பக்கம் விரிவது கண்ணுக்குத் தெரிந்தால் லாடவடிவ பூஸ்டர் தகட்டைப் போடுங்கள்.

இழுத்தால் பஞ்சு போல அமுங்குகிறது என்றால் உள்ளே காற்று. எச்எஸ்33-க்கு மினரல் எண்ணெய்தான். மகுராவின் ராயல் பிளட். கார், பைக்குகளின் டாட் வகைப் பிரேக் திரவத்தை ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஹோப் டிஸ்க்குக்கு நேர்மாறாக டாட் திரவம்தான். இரண்டு திரவங்களுக்கும் வெவ்வேறு சிரிஞ்ச் வைத்து, குறிபோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எச்எஸ்33-இல் காற்று எடுக்கும் முறை: நெம்புகோலில் இருக்கும் இடைவெளித் திருகை முழுதும் வெளிப்பக்கமாகத் திருகித் தளர்த்துங்கள். நெம்புகோலின் எண்ணெய்த் துளைதான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்துங்கள். சக்கரத்தருகே உள்ள சிலிண்டரின் திருகை எடுத்து, குமிழி இல்லாமல் நிரப்பிய சிரிஞ்ச்சை மாட்டுங்கள். நெம்புகோல் துளையில் வெற்றுச் சிரிஞ்ச். கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளுங்கள். 25, 30 மி.லி. எண்ணெய் போதும். தள்ளும்போது சிலிண்டர்களையும் குழாயையும் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டியிருக்கும் குமிழிகள் கிளம்பும். குமிழி நின்றதும் மேல் துளையை முதலில் மூடி, பிறகு கீழே. திருகுகள் சின்னவை. 4 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் மரை பிய்ந்துவரும்.

எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் நெம்புகோல் இலகுவாகும் என்கிறார்களே?
– வாசகர், டொராண்டோ

சிலர் எச்எஸ்33-இல் அப்படிச் செய்வது உண்மை. தண்ணீர் எண்ணெயைவிடக் குறைந்த பிசுபிசுப்பு உடையது. நெம்புகோல் சட்டென்று திரும்பும். ஆனால் உங்கள் ஊர்க் குளிருக்கு அது ஆகாது. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். கார் ஷெட்டில் நிற்கும் வண்டியின் சிலிண்டரைப் பிளக்க அது போதும். எண்ணெயிலேயே வையுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று அடிப்பது? பின் டியூப் அடிக்கடி இரட்டைத் துளையோடு பஞ்சர் ஆகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

இரட்டைத் துளை என்றால் காற்றுக் குறைவு. கல் விளிம்பில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்குகிறது. 26 இன்ச் வண்டியில் 2.5 அகலப் பின் டயருக்கு, 65–70 கிலோ ஆளுக்கு 20 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். முன்னால் 2.1 அகலத்துக்கு 30. அங்கிருந்து 2 பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ பாருங்கள். சுவரில் இறங்கும்போது ரிம் கல்லில் இடிப்பது கேட்டால் கூட்டுங்கள். பின் சக்கரத்தில் நிற்கையில் டயர் பந்து போல எகிறினால் குறையுங்கள். சைக்கிள் கடைப் பம்பின் முள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாகக் காட்டாது. 60 பிஎஸ்ஐ வரை மட்டுமே காட்டும் சின்ன கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னால் டவுன்ஹில் வகைத் தடித்த டியூப் போடுங்கள். எடை கூடும், ஆனால் தாங்கும். ட்ரையல்ஸ் ரிம்மில் எடை குறைக்கப் பெரிய துளைகள் வெட்டியிருப்பார்கள்; அகலமும் பின்னால் 47 மி.மீ. வரை இருக்கும். அதன் டேப் மெலிந்தால் டியூப் துளைவழியே பிதுங்கும். ஒவ்வொரு தடவை டயர் கழற்றும்போதும் டேப்பை விரலால் தடவிப் பாருங்கள்.

கடற்கரைப் பாறைகளில்தான் பயிற்சி. போல்ட் எல்லாம் துருப்பிடித்து இறுகிவிடுகிறது.
– வாசகர், சென்னை

உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு போல்ட் அலுமினியத்தோடு ஒட்டிப்போகும். ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்ப் வேண்டாம், அது பேரிங்குக்குள் உப்பைத் தள்ளும். துடைத்துக் காயவைத்து, செயினுக்கு எண்ணெய். எண்ணெய் ரிம்மில் ஒரு துளி பட்டாலும் பிரேக் போய்விடும் என்பதால் ரிம்மை மறைத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் விடுங்கள். மாதம் ஒரு முறை ஸ்டெம் (ஹேண்டில்பாரைக் கவ்வும் பாகம்), பிரேக் கிளாம்ப், பெடல் இவற்றின் போல்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். இடப் பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். கிராங்க்கும் ஃப்ரீவீலும் சேரும் மரைக்கு கிரீஸ் கட்டாயம். அது ஒட்டிக்கொண்டால் கழற்றுவதற்குள் இரண்டில் ஒன்று பாழாகும்.

ஹேண்டில்பாரை எப்போது மாற்றுவது?
– வாசகர், புதுச்சேரி

அலுமினிய பாரை, வாரம் மூன்று நாலு நாள் ஓட்டுபவர் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. ஸ்டெம் கவ்வும் இடத்தில் கீறலோ வளைவோ தெரிந்தால் அன்றே. கார்பன் பார் பலமாகக் கல்லில் மோதினால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெம் முகப்பு போல்ட்கள் நான்கையும் குறுக்குமறுக்காக, 5 நியூட்டன் மீட்டருக்கு, மேலேயும் கீழேயும் இடைவெளி சமமாக இருக்கும்படி இறுக்குங்கள்.

பயிற்சிக்குப் போகும்போது பையில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம்?
– வாசகர், கோவை

ஆலன் கீ 4, 5, 6, 8 மி.மீ.; உங்கள் பிரேக்குக்கான டி25 (நட்சத்திர முனை) கீ; பின் அச்சு நட்டுக்கான ஸ்பேனர்; செயின் கருவி, அதே அகலத்தில் புது இணைப்பு இரண்டு; தடித்த டியூப் ஒன்று; டயர் லீவர், பம்ப், கேஜ். ஒரு ஜோடி பிரேக் கட்டை. கிராங்க் போல்ட்டைப் புதிதாக மாட்டியிருந்தால் அரைமணி நேரம் ஓட்டியதும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு 40 நியூட்டன் மீட்டர் தேவை. கையளவு ஆலன் கீயில் அது வராது, கூடவே ஒரு அடி நீள இரும்புக் குழாயையும் எடுத்துக்கொள்ளுங்கள்.